கார் போகாத தெரு

1

சங்கரன்கோவில் வீட்டை விற்பதற்கு நான் கையெழுத்துப் போட்டு இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிப் பத்து நாள்தான் ஆகிறது. தூக்கம் இன்னும் சரியாகவில்லை. கோபமும் அடங்கவில்லை. அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அடங்கிய பிறகு எழுதினால் எல்லோரையும் மன்னித்து எழுதிவிடுவேன், என்னையும் சேர்த்து. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் டாலஸ் நகரத்துக்கு வெளியே ஒரு குடியிருப்பில் இருபது வருஷமாக இருக்கிறோம். ஒரே மகள் மீனா, சிகாகோவில் வேலை பார்க்கிறாள். ஊர் வீடு விற்று நாலு மாதம் ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, ஒரு ஃபிளாட் வாங்கப்போவதாகச் சொன்னாள். படம் அனுப்பினாள். எங்கள் கார் ஷெட்டைவிடக் கொஞ்சம் பெரிது. விலை எங்கள் நாலு படுக்கையறை வீட்டைவிட அதிகம்.

"உனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருக்கா? இந்த விலைக்கு அதுல என்ன இருக்கு?" என்றேன்.

"அப்பா, இது நடக்கிற வீடு."

மீனாவின் தமிழ் எங்களோடு பேசுவதற்கு மட்டும் வைத்திருக்கும் தமிழ். "வீடு எப்படிம்மா நடக்கும்?" என்று கேட்டேன். சிரித்தாள்.

"நடந்து போற வீடுப்பா. வாக்கபிள். கீழ இறங்கினா கடை. அடுத்த தெருவில டாக்டர், லைப்ரரி, ட்ரெயின். கார் வேண்டாம். அந்த மாதிரி தெருவில விலை ஏறிட்டேதான் இருக்கும். விளம்பரத்தில அதுக்கு மார்க்கே போடுவாங்க. நம்ம வீட்டுக்கு எவ்வளவு தெரியுமா? நூத்துக்கு ஆறு."

அந்த ஆறு மார்க்கும் எதற்குக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் நடைபாதை கிடையாது. பால் வாங்கக் காரில் பன்னிரண்டு நிமிஷம். ஒருமுறை கார் பழுதாகிக் கிடந்தபோது, பாலுக்காகப் பெரிய ரோட்டின் ஓரமாக நடந்து போனேன். போலீஸ் வண்டி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. இளைஞர், மரியாதையாகத்தான் கேட்டார்: ஐயா, உங்களுக்கு உதவி ஏதும் வேண்டுமா, வீட்டு விலாசம் ஞாபகம் இருக்கிறதா என்று. நடந்து போகிற கிழவன் என்றால் வழி தவறியவனாகத்தான் இருக்க வேண்டும் அவர் கணக்கில். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது.

மீனா இன்னொன்றும் சொன்னாள். அவள் எங்களைப் பார்க்க வருவது குறைந்துகொண்டே வந்ததற்கு நானும் அவள் அம்மாவும் என்னென்னவோ காரணம் யோசித்து வைத்திருந்தோம். "அங்க வந்தா நான் மறுபடி பன்னெண்டு வயசுப் பொண்ணு ஆயிடுறேன்ப்பா. எங்க போகணும்னாலும் உங்ககிட்ட கேக்கணும்" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அவள்மீது என்றுதான் முதலில் நினைத்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது புரிந்தது. கீழே இறங்கினால் கடை, அடுத்த தெருவில் டாக்டர், கொஞ்சம் தள்ளி ரயில் என்று அவள் அடுக்கியதெல்லாம் நாலு மாதத்துக்கு முன்னால் நாங்கள் மட்டமான விலைக்குத் தள்ளிவிட்ட வீடு.

2

அந்த வீட்டை நினைத்து நான் உருகப்போவதில்லை. எனக்கு அது பிடிக்காது. ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டும். மழைக்காலம் முழுக்கப் பின்சுவரில் ஓதம் ஏறும். பக்கத்து வீட்டில் தாளிப்பது எங்கள் கண்ணை எரிக்கும். அதிலிருந்து தப்பித்துப் போக வேண்டும் என்றுதான் நான் படித்தேன். படித்தேன், போனேன்.

தங்கச்சி கோமதி அங்கேயே இருந்தாள். எனக்கு இரண்டு வயது இளையவள். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை போட்ட பூட்ஸ் மாட்டிக்கொண்டுதான் நடப்பாள். கல்யாணம் ஆகவில்லை. கடைத்தெருவில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை. இருபத்தாறு வருஷம். சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு டாக்டர் பெயர் தெரியாமல் இருக்கலாம், 'டோக்கன் அக்கா'வைத் தெரியாமல் இருக்காது.

வீட்டிலிருந்து கிளினிக்குக்கு அவள் நடையில் எட்டு நிமிஷம். பாதி வழியில், பெரிய ரோட்டு ஓரத்தில், துணி தேய்க்கிறவரின் வண்டி நிற்கும். அங்கே ஒரு ஸ்டூல் அவளுக்கென்றே கிடக்கும். ஒரு நிமிஷம் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டு எழுந்து போவாள். காய்கறி, மாத்திரை, கோவில், பஸ் ஸ்டாண்டு எல்லாமே அந்த ஸ்டூலிலிருந்து அவள் கால் தாங்குகிற தூரத்தில் இருந்தன. யாரிடமும் எதையும் கேட்க வேண்டிய நிலை அவளுக்கு இல்லை. அப்பா இருந்தபோது அவருக்குத்தான் இவள் மாத்திரை வாங்கிவந்து கொடுத்தாள்.

இது எதுவும் எனக்குத் தெரியாத விஷயமல்ல. தெரிந்தே இருந்தது. வீட்டுக்கு விலை பேசியபோது மட்டும் இதில் ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை.

3

அப்பா இறந்து இரண்டு வருஷம் கழித்து அண்ணன் முருகேசன் பேச்சை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஏழு வயது பெரியவர். மதினியோடும் கோமதியோடும் அதே வீட்டில்தான் இருந்தார்.

"ஏலே, ராஜபாளையம் ரோட்ல, கரிவலம் போற வழியில நகர் போட்ருக்கான். கட்டி முடிச்ச கார்னர் வீடு ஒண்ணு வெலைக்கு இருக்கு. இந்தச் சந்துல என்னத்துக்குக் கெடந்து சாகணும்? ஆத்திர அவசரத்துக்கு ஒரு கார் உள்ள வருமா? நீ வந்தாலே பெட்டிய ரத வீதில எறக்கிச் சொமந்துட்டுல்லா வாரோம்."

அது உண்மை. என் மனைவி ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டியைப் பற்றிப் புலம்பியிருக்கிறாள்.

தரகரை அண்ணன் வீடியோ அழைப்பில் கொண்டுவந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், அண்ணாச்சி அண்ணாச்சி என்று வாய் நிறைய மரியாதை. "அண்ணாச்சி, ஒளிக்காம சொல்லுதேன். கார் போகாத தெரு. பேங்க்காரன் லோன் குடுக்க மாட்டான். எவனும் வாங்க மாட்டான். இப்ப ஒரு பார்ட்டி கேக்குது, குடுத்துருங்க. அடுத்த வருசம் இந்த வெலையும் வராது." அதே மூச்சில் நகரின் விளம்பரத்தைக் காட்டினார். 'கோவிலுக்கு 5 நிமிடம், பஸ் ஸ்டாண்டுக்கு 7 நிமிடம்.' கீழே ஒரு காரின் படம்.

ஐந்து நிமிஷம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கார் இருக்கிற ஊரில் இருபது வருஷம் இருந்துவிட்டால் அந்தக் கேள்வி வாயில் வராது.

"கோமு என்ன சொல்லுதா?" என்று மட்டும் கேட்டேன்.

"அவளுக்கென்ன? கீழயே தனி ரூமு, வெஸ்டர்ன் டாய்லெட்டு. அவளுக்குச் சம்மதம்தான்."

அவளையே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவள் எண் என் போனில் இருந்தது. எனக்கு வேறு வேலை இருந்தது: பவர் பத்திரம்.

அதற்காக நான்கு முறை தூதரகச் சேவை மையத்துக்கு அலைந்தேன். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் கார். ஊர்ப் பத்திரத்தில் நான் ச. சுப்பிரமணியன். பாஸ்போர்ட்டில் சுப்பிரமணியன் சண்முகம். அமெரிக்காவில் எல்லோருக்கும் மிஸ்டர் சண்முகம். கவுன்டரில் இருந்த பெண் தாள்களைப் புரட்டிப் பார்த்து, "இதில் சண்முகம் யார், உங்கள் அண்ணனா?" என்று கேட்டாள். என் அப்பா என்றேன். "அவர் நேரில் வர வேண்டும்" என்றாள். அவர் இறந்துவிட்டார் என்றேன். சண்முகம் என்று நான் போட்டிருந்த கையெழுத்தைக் காட்டி, அப்படியானால் அவருடைய கையெழுத்து எப்படி இங்கே இருக்கிறது என்றாள். ச. சுப்பிரமணியனும் சுப்பிரமணியன் சண்முகமும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, முத்திரை வாங்கி அனுப்பி முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. முடிந்த அன்றைக்கு ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்டதாக நினைத்து இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

கோமதி தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்வதாக அண்ணன் சொன்ன ஒரே வார்த்தைக்காக.

4

புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய படங்கள் வந்தன. அகலமான ரோடு, இரண்டு பக்கமும் காலி மனை, சீமைக் கருவேலம், தூரத்தில் மலை. 'நல்ல காற்று' என்று அண்ணன் எழுதியிருந்தார். பதிலுக்கு நான் கைகூப்பும் எமோஜி ஒன்று அனுப்பினேன்.

கோமதி மாதம் ஒருமுறை பேசுவாள். "நல்லா இருக்கேண்ணே." கிளினிக் எப்படி என்று கேட்டேன். "லீவு போட்ருக்கேன்." அடுத்த மாதம், "விட்டுட்டேன். எவ்வளவு நாள்தான் பாக்குறது?" ஓய்வாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, சொன்னேன்: "நல்லதுட்டி, நல்லா ரெஸ்ட் எடு."

மீனா ஃபிளாட்டைப் பற்றிப் பேசிய அதே இரவு கோமதியைக் கூப்பிட்டேன். ஊரில் காலை. இந்த முறை விடாமல் கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். பக்கத்தில் மதினி இருந்திருக்க வேண்டும்.

"ஆட்டோ ஒரு தடவை கிளினிக் போக வர எவ்வளவு கேக்கான் தெரியுமா? சம்பளத்துல பாதி போயிரும். மினி பஸ்ஸு காலைல பத்து மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. டோக்கன் எட்டு மணிக்குல்லா ஆரம்பிக்கும். பெரியண்ணன் ரெண்டு வாரம் பைக்ல விட்டாரு. பிறகு சலிச்சுப் போச்சு. நான் பைக்ல ஏறதுக்கு ஒரு ஸ்டூலு, எறங்குறதுக்கு ஒருத்தரு. அவரத் தப்பு சொல்லல."

"வேற எங்கயும் போறதில்லையா?"

"எங்கன போக? வாசல்ல நின்னா ரோடு தெரியும். வண்டி போகும். அத்தனைதான். ஒரு கருவேப்பிலை வேணும்னாலும் மதினிட்ட சொல்லணும், மதினி அண்ணன்ட்ட சொல்லணும். கால் வலி மாத்திரை தீந்து போய் மூணு நாளு. யாரையும் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"அண்ணே, நான் அம்பத்து ரெண்டு வயசுக்காரி. இருபத்தாறு வருசம் சம்பாதிச்சவ. ஒரு நாளைக்கு எத்தனை தடவதான் கேக்க?"

நான் அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவரும் கத்தினார். "நீ அமெரிக்காவுல இருந்துட்டு நொட்டை சொல்லாத. பக்கத்துல இருந்து பாக்குறவன் நான்." போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு நாங்கள் பேசவில்லை. மாத்திரைக்கு மட்டும் தென்காசியில் இருக்கும் என் நண்பன் மூலம் ஆறு மாதத்துக்கு மொத்தமாக ஏற்பாடு செய்தேன். ஏதோ செய்துவிட்டேன் என்ற நினைப்பில் இன்னும் சில மாதங்களை ஓட்டினேன்.

5

போன மாதம் லீவு கிடைத்தது. சொல்லிக்கொள்ளாமல் போய் இறங்கினேன். பெட்டி சுமக்க வேண்டியிருக்கவில்லை, டாக்ஸி வாசல் வரைக்கும் போனது. மதினி கதவைத் திறந்தார். முகம் மாறியது. கோமதியின் அறையில் கட்டில் மட்டும் கிடந்தது, அதன்மேல் அரிசி மூட்டை.

"அவ போயி ரெண்டு மாசம் ஆச்சு. உங்களுக்குத் தெரியாதா?" என்றார் மதினி.

அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். "சொல்லிட்டாளா உங்கிட்ட? இல்லல்லா? எங்கிட்டயும் சொல்லல. ஒரு நாள் மினி பஸ்ஸுல ஏறிப் போனா, சாயங்காலம் வந்து பெட்டியக் கட்டுதா. கூடப் பெறந்தவன் வீட்டுல இருக்க முடியாம தங்கச்சி வாடகை ரூம்ல இருக்கான்னு ஊரெல்லாம் பேச்சு. என் மானத்த வாங்கிட்டா."

அவருடைய குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் அவளைப் பட்டினி போடவில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவள் ஏன் போனாள் என்பது அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

கோமதி தங்கியிருந்தது மாவு மில்லுக்குப் பின்னால் ஓர் அறை. ரத வீதிக்கு இரண்டு தெரு தள்ளி. உள்ளே போனால் ஒரு கட்டில், ஒரு அடுப்பு. சுவரெல்லாம் மாவு படிந்து வெளுத்திருந்தது. மில் ஓடும்போது தரை அதிர்ந்தது. பழைய வீட்டைவிட மோசம். கிளினிக்கில் அவளை மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இல்லாத எட்டு மாதமும் டோக்கனில் தினமும் சண்டை என்று டாக்டரே சொன்னாராம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ பெரியண்ணன்ட்ட சண்டை போடுவ. அவரு மதினிட்ட காட்டுவாரு. எனக்கு ரூமுதான வேணும், பஞ்சாயத்து வேண்டாம். மில்காரர்ட்ட கேட்டேன், குடுத்தாரு."

"வா, ஒண்ணு காட்டுதேன்" என்று கூட்டிக்கொண்டு போனாள். அவள் முன்னால், நான் பின்னால். எங்கள் சந்துக்குள் நுழைந்ததும் எனக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. எங்கள் வீடும் அதன் இரண்டு பக்கத்து வீடுகளும் இல்லை. தரை முழுக்க சிமென்ட் போட்டு, மஞ்சள் கோடு கிழித்து, வரிசையாகக் கார்கள் நின்றன. பின்பக்கம் சுவரை இடித்துப் பெரிய ரோட்டுக்கு வழி திறந்திருந்தார்கள். அந்தப் பக்கம் இருந்த ஜவுளிக்கடைக்காரர் மூன்று வீட்டையும் வெவ்வேறு பெயரில் வாங்கியிருக்கிறார், கடைக்கு வருகிறவர்களின் வண்டி நிறுத்துவதற்கு. கார் போகாத தெரு, எவனும் வாங்க மாட்டான் என்று சந்தனம் பூசிய முகத்தோடு சொன்ன தரகருக்கு இது முதல் நாளே தெரியும். நடந்து போகிறவர்களுக்கு உயிராக இருந்த இடம் என்பதால்தான் கார் வைத்திருப்பவனுக்கும் அது தேவைப்பட்டது. அதை எங்களிடமே மட்டம் தட்டி வாங்கிவிட்டார்கள்.

நான் கத்தியிருக்க வேண்டும். வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த காவலாளி எழுந்து வந்தார். கோமதி என் கையைப் பிடித்தாள்.

"இப்ப எதுக்கு இங்கன நின்னு சத்தம் போடுத?"

"ஏமாத்திட்டானுவட்டி."

"அவன் ஏமாத்துனான். சரி. நீ என்ன பண்ண? கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அந்த நகருக்கு வந்து ஒரு தடவ நடந்து பாத்தியா? அமெரிக்காவுல இருந்து அம்புட்டுத் தூரம் பேப்பரு அனுப்பத் தெரியுது உனக்கு."

அவள் இதைச் சத்தம் போடாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, பழைய பழக்கத்தில், பெரிய ரோட்டுப் பக்கம் துணி தேய்க்கிறவரின் வண்டியைத் தேடினாள். வண்டி நின்ற இடத்தில்தான் இப்போது கார்கள் திரும்புகின்றன. அவர் வேறு தெருவுக்குப் போய்விட்டார். கோமதி ஒரு காரின்மேல் கை ஊன்றி நின்றுகொண்டாள்.

அன்று அண்ணன் வீட்டில்தான் படுத்தேன். காலை ஏழே காலுக்கு, யாரிடமும் சொல்லாமல், நகரின் வாசல் வளைவிலிருந்து நடக்கத் தொடங்கினேன்.

ராஜபாளையம் ரோட்டில் நடப்பதற்கென்று இடம் கிடையாது. தார் முடிகிற இடத்தில் சரளைக்கல், அதற்கு அப்பால் பள்ளம், பள்ளம் நிறைய முள். லாரி வரும்போதெல்லாம் பள்ளத்துக்குள் ஒரு கால் வைத்து நிற்க வேண்டும். ராஜபாளையம் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே என் தோளை உரசுவது போலக் கடந்தது. கண்டக்டர் படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துத் திட்டினார். என்ன திட்டினார் என்று காற்றில் கேட்கவில்லை. ஒரு கோழிப்பண்ணை தாண்டியதும் மூன்று நாய்கள் கொஞ்ச தூரம் கூடவே வந்தன. உட்கார ஒரு கல்லோ ஒதுங்க ஒரு நிழலோ வழியில் இல்லை. இரும்பு பூட்ஸோடு அவள் இங்கே வாசலில் நின்று வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த எட்டு மாதமும், ஒவ்வொரு நாளும், என் மண்டைக்குள் ஏறியது. விளம்பரம் போட்டவனையும், தரகரையும், அண்ணனையும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே நடந்தேன். ஊர் எல்லை வந்தபோது திட்டுவதற்கு நான் மட்டும்தான் பாக்கி இருந்தேன்.

கிளினிக்கில் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. கோமதி மேசைக்குப் பின்னால், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஒரு பெண்ணின் கைக்குழந்தையின் பெயரை டோக்கனில் எழுதிக்கொண்டிருந்தாள். வியர்வையில் நனைந்த என்னைப் பார்த்தாள். என் செருப்பையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமலே புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

"எவ்வளவு நேரமாச்சு?"

"அம்பத்தஞ்சு நிமிசம்."

"ரெண்டு காலும் நல்லா இருக்கவனுக்கு" என்றாள்.

தண்ணீர் குடித்தேன். அவள் டோக்கன் கொடுப்பதையே பார்த்துக்கொண்டு நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது என் பக்கம் திரும்பி, "பெரியண்ணனையும் ஒரு நாள் நடந்து வரச் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. ஒரே ஒரு நாள்" என்றாள்.

சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன். சண்டை போடவில்லை. கெஞ்சுகிற குரலில்தான் கேட்டேன். "நானும் கூட வாரேன், அண்ணே. காலைல வெயிலுக்கு முன்னால போயிருவோம். ஒரு தடவ நடந்து பாருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேலி செய்கிறேனா என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பிறகு வாசலில் நிற்கும் வண்டியைக் காட்டினார்.

"நான் எதுக்குலே நடக்கணும்? எனக்குத்தான் பைக் இருக்குல்லா?"